கையெழுத்து எதற்கு என்று சிரித்த நால்வர்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் ஸ்டூடியோ என்றதும் கண்ணாடிக் கட்டடமும் வரிசையாகக் கணினிகளும் உங்கள் மனக்கண்ணில் வரக்கூடும். எங்களுடையது நான்கு வீடுகளில் கிடந்த நான்கு மேசைகள். நிரல் எழுதுவது என் வேலை. ஓவியத்துக்கு ஒருவர், இசைக்கு ஒருவர், விளையாட்டின் கட்டங்களை வடிவமைக்க ஒருவர். நால்வரும் நெடுநாள் நண்பர்கள். "நமக்குள் ஒப்பந்தம் எதற்கு, கையெழுத்து எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே தொடங்கினோம்.

பதினான்காவது மாதம் இசையமைப்பாளர் விலகினார். சண்டை எதுவும் கிடையாது. வீட்டில் பொறுப்பு கூடிவிட்டது. மாதச் சம்பளம் தேவைப்பட்டது. வாழ்த்தி அனுப்பினோம். அதற்குள் இருபத்திரண்டு இசைத் துண்டுகளை முடித்துக் கொடுத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வெளியீட்டாளர் எங்கள் விளையாட்டை எடுத்துக்கொள்ள முன்வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த இசை யாருடையது? காகிதம் இருக்கிறதா?"

காகிதம் இல்லை. ஊழியராக இல்லாத ஒருவர் உருவாக்கியது, அவர் எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவருக்கே சொந்தம். பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. நண்பர் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் எவ்வளவு பங்குக்கு? கால் பங்கு என்று ஆரம்பத்தில் வாயால் சொன்னதுதான் இருந்தது. அவர் பதினான்கு மாதம் உழைத்தார். மற்ற மூவரும் மூன்று ஆண்டுகளைத் தாண்டிக்கொண்டிருந்தோம். கேட்கவும் கூச்சம், மறுக்கவும் கூச்சம். பேச்சு மூன்று மாதம் இழுத்தது. வெளியீட்டாளர் காத்திருக்கவில்லை.

மென்பொருள் நிறுவனங்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. நிறுவனத்தில் ஒருவருக்கு உரிய பங்கை முதல் நாளே முழுதாகக் கொடுத்துவிடுவதில்லை. நான்கு ஆண்டுகளில், மாதத்துக்கு இவ்வளவு என்று அது சேர்ந்துகொண்டே வரும். முதல் ஆண்டு முடியுமுன் போகிறவருக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் நண்பருக்கு இதைப் பொருத்தினால் நாற்பத்தெட்டு மாதத்தில் பதினான்கு. அதாவது 25 சதவீதத்துக்குப் பதில் ஏறக்குறைய 7.3 சதவீதம்.

ஆனால் இந்தக் கணக்கு விளையாட்டுத் தொழிலுக்கு அப்படியே ஒட்டாது என்பது என் கருத்து. இசை முடிந்தால் முடிந்தது. வெளியான பிறகும் பிழை திருத்திக்கொண்டே இருக்கிற நிரலாளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூலியை மாதத்தால் அளப்பதா, செய்து முடித்த வேலையால் அளப்பதா? நாங்கள் கடைசியில் இரண்டையும் பிரித்தோம். நிறுவனத்தின் பங்கு, இருந்து உழைக்கிறவர்களுக்கு. இந்த ஒரு விளையாட்டின் வருமானத்தில் சதவீதக் கணக்கில் ஒரு பங்கு, அதில் கைவைத்த எல்லோருக்கும், அது விற்கிற காலம் வரை. விலகியவருக்கு முதலாவது கிடையாது, இரண்டாவது உண்டு. அரை மணி நேரத்தில் எழுதி முடித்தோம். முதல் வாரத்தில் எழுதியிருந்தாலும் அதே அரை மணிதான் ஆகியிருக்கும்.

எல்லோருக்கும் சமம் என்று நடத்த முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பிரான்சின் போர்டோ நகரில் மோஷன் ட்வின் என்ற ஸ்டூடியோ தொழிலாளர் கூட்டுறவாகவே இயங்குகிறது. எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே வாக்கு. 2018இல் முழுமையாக வெளிவந்த அவர்களுடைய 'டெட் செல்ஸ்' விளையாட்டு பெரும் வெற்றி பெற்றது. வெற்றிக்குப் பிறகு அதை வளர்க்க ஆள் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டுறவோ சிறியதாகவே இருக்க விரும்பியது. எனவே ஈவில் எம்பயர் என்ற தனி நிறுவனம் பிறந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. சமத்துவத்தைவிட, பிரிய வேண்டிய இடம் வந்ததும் அவர்கள் பிரிந்துகொண்ட விதமே என்னை அதிகம் கவர்ந்தது.

எங்களுக்குள்ளும் ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்துப் பார்த்தோம். நாயகன் எவ்வளவு உயரம் குதிக்க வேண்டும் என்று மூன்று வாரம் விவாதித்தோம். வாக்கு இரண்டுக்கு இரண்டு. பிறகு, அவரவர் துறையில் அவரவர் சொல்லே முடிவு என்றாயிற்று. விளையாட்டிலிருந்து எதை வெட்டுவது என்பதை மட்டும் ஒருவரிடம் விட்டோம், அவர் மீது எவ்வளவு எரிச்சல் வந்தாலும். அவர் வெட்டிய மூன்று கட்டங்களுக்காக நான் இன்னும் வருந்துகிறேன். அவர் வெட்டியது சரி. வெட்டாமல் போனால் ஆண்டுகள் ஓடிவிடும். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி ஸ்டூடியோ 2019இல் அறிவித்த 'சில்க்சாங்' விளையாட்டு 2025இல்தான் வெளிவந்தது. அவர்களுக்கு முந்தைய விளையாட்டு சோறு போட்டது. முதல் விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு அந்த வசதி ஏது?

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டை வைக்கக் கட்டணம் 100 டாலர். விற்பனையில் வழக்கமாக 30 சதவீதம் கடைக்கு. 10 டாலர் விளையாட்டில் நமக்கு 7 டாலர். அதிலும் தள்ளுபடி, வரி, திருப்பிக் கொடுத்தவை போக மிஞ்சியதை நான்காக வகுங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். நாங்கள் செய்ததோ ஒன்றரை மணி நேர விளையாட்டு. முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களை எப்படிக் குறை சொல்வது?

இன்னொன்று, இணையக் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். எங்கள் ஸ்டீம் கணக்கில் நுழைவதற்கான உறுதிப்படுத்தும் எண் ஓவியரின் கைபேசிக்கு மட்டுமே வரும். விளையாட்டைத் திறந்ததும் நின்றுபோகிற ஒரு பிழைக்குத் திருத்தம் தயாராக இருந்த வாரத்தில் அந்தக் கைபேசி தண்ணீரில் விழுந்தது. ஐந்து நாள் எங்களால் உள்ளேயே நுழைய முடியவில்லை. அந்த ஐந்து நாளில் ஆட்டக்காரர்கள் எழுதிய விமரிசனங்களை ஓவியர் அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். இப்போது எண் இரண்டு பேருக்கு வருகிறது.

நன்றி. வணக்கம்.