ஓநாயின் குடும்பமும் தெருநாயின் கூட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். ஓநாய்க் கூட்டம் என்றதும், பல்லைக் காட்டி மற்றவற்றை அடக்கிவைக்கும் ஒரு முரட்டுத் தலைவனும், அவனுடைய இடத்தைப் பறிக்கச் சமயம் பார்க்கும் எதிரிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். நாய் வளர்ப்போருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளிலும் இதே எண்ணம் புகுந்துவிட்டது. நீங்கள்தான் முதலில் உண்ண வேண்டும், வாசற்படியை நீங்கள்தான் முதலில் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் நாய் உங்களை ஆளத் தொடங்கிவிடும் என்கிறார்கள். இந்த எண்ணத்தோடு எனக்கு நெடுநாளாக வழக்கு உண்டு.

இது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகர உயிரியல் பூங்காவில் இருந்த ஓநாய்களைக் கவனித்து, 1947-இல் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அவர் பொய் எதுவும் எழுதவில்லை. சண்டையைக் கண்டார், முதலிடத்துக்கான போட்டியைக் கண்டார், கண்டதை எழுதினார். ஆனால் அவர் கண்டவை ஓர் அடைப்புக்குள் அடைபட்ட ஓநாய்கள். காட்டில் வளரும் ஓநாய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பெற்றோரைப் பிரிந்து, துணை தேடித் தனியே புறப்பட்டுவிடும். அடைப்புக்குள் இருப்பது எங்கே புறப்பட்டுப் போகும்?

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், 1970-இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டார். அந்த நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பின்னர் 1986 முதல் அவர் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குச் சென்று, மனிதரைக் கண்டு அஞ்சாத ஓநாய்களின் அருகிலேயே கோடைக்காலங்களைக் கழித்தார். அங்கே அவர் கண்டது ஒரு தாய், ஒரு தந்தை, முந்தைய ஓரிரு ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள், அந்த ஆண்டின் குட்டிகள், அவ்வளவுதான். கூட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு குடும்பம். தலைவன், தலைவி என்று நாம் சொல்வது அந்தக் குடும்பத்தின் அப்பாவும் அம்மாவும். 1999-இல் இதை அவர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். தமக்குப் புகழ் தந்த நூலை நிறுத்தச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? மறுபடியும் சொல்கிறேன், அது குடும்பம். வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாயின் வாயோரத்தைக் குட்டிகள் முட்டி முட்டி நக்க, அது வயிற்றில் கொண்டுவந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோர் முன் உடலைத் தாழ்த்தி முகத்தை நக்கும் பணிவும் இந்தக் குட்டிப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் என்று கருதப்படுகிறது.

இதே காட்சியை நீங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். இளைய நாய் ஒன்று காதுகளைப் பின்னுக்கு மடக்கி, வாலைத் தாழ்த்தி ஆட்டிக்கொண்டே வந்து, மூத்த நாயின் வாயை நக்கிவிட்டு நிற்கும். ரோம் நகரப் புறப்பகுதியில் தெருநாய்களை ஆராய்ந்தவர்கள், கூட்டம் நகரும்போது எந்த நாயின் பின்னால் மற்றவை செல்கின்றன என்று குறித்துவைத்தார்கள். சண்டையில் வெல்லும் நாயைவிட, இவ்வாறு நட்போடு வணங்கப்படும் நாயைப் பின்தொடர்வதே மிகுதி என்று தெரிந்தது. மூத்தவை முன்னே செல்வதும் வழக்கமாக இருந்தது.

ஆயினும் நாய்க்கூட்டம் ஓநாய்க் குடும்பம் அன்று. பெரிய விலங்கை வீழ்த்த ஓநாய்களுக்குப் பெரும்பாலும் பல வாய்கள் வேண்டும். மனிதர் எறிந்த மிச்சத்தைத் தின்ன நாய்க்கு ஒரு வாய் போதும். ஓநாய்த் தந்தை குட்டிகளுக்கு உணவு சுமக்கிறது; தெருநாய்களில் பெண் நாய் பல ஆண்களோடு கூடுகிறது, தந்தை உணவு கொண்டுவருவது அரிது, பாரம் பெரும்பாலும் தாய்மேல்தான் விழுகிறது. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்புருன் ஆய்வு மையத்தில் ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு விலங்குகள் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் உணவு கிடைக்கும் என்று ஒரு சோதனை வைத்தார்கள். 2017-இல் வெளியான அதன் முடிவில், ஓநாய்கள் அதைப் பலமுறை சாதித்திருந்தன. நாய்களுக்கு அது பெரும்பாலும் கைகூடவில்லை. அப்படியிருந்தும் எல்லையில் அயல் நாய் தலைகாட்டினால் தெருநாய்கள் சேர்ந்தே குரைத்துக் கிளம்புகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குட்டிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டதாக எதிரே சைகை வருகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்கப்பட்ட 364 தெருநாய்க் குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடே. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். வணக்கம்.