ஒன்று புள்ளி நாலு மணி என்றால் எத்தனை நிமிஷம்?

நேயர்களுக்கு வணக்கம். போன தை மாதம் பாபநாசம் பக்கம் எங்கள் வயலில் சம்பா அறுவடை. மணிக்கு 2,400 ரூபாய் என்று பேசி அறுப்பு மிஷின் இறக்கினோம். முடித்ததும் டிரைவர் தம்பி மீட்டரைப் பார்த்து, "ஒன்று புள்ளி நாலு ஓடியிருக்கு" என்றார். என் அண்ணன் அதை ஒரு மணி நாற்பது நிமிஷம் என்று எடுத்துக்கொண்டு 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். தம்பியும் சரி என்று வாங்கிக்கொண்டார். இருவருமே நேர்மையானவர்கள். ஆனால் கணக்கு தப்பு.

அந்த மீட்டரின் கடைசி இலக்கம் நிமிஷம் அல்ல, மணியில் பத்தில் ஒரு பங்கு. 60 நிமிஷத்தைப் பத்தாகப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு 6 நிமிஷம். புள்ளிக்குப் பின்னால் நாலு என்றால் நாலாறு 24. ஆக, ஓடியது ஒரு மணி 24 நிமிஷம், அதாவது 84 நிமிஷம். நிமிஷத்துக்கு 40 ரூபாய் வீதம் 3,360. கூடுதலாகப் போனது 640 ரூபாய். அன்று மாலையே டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னோம், மறுக்காமல் திருப்பித் தந்தார்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். ஒரு மணி இருபது நிமிஷம் ஓட்டியதை 1.20 என்று கால்குலேட்டரில் போட்டுப் பெருக்கினால் 2,880 வரும். நியாயமாக 80 நிமிஷத்துக்கு 3,200. இங்கே நஷ்டம் மிஷின்காரருக்கு. அதனால் முதலில் எல்லாவற்றையும் நிமிஷமாக்கிவிடுங்கள். மணியை 60-ஆல் பெருக்கி, மிச்ச நிமிஷத்தைக் கூட்டினால் போதும்.

நம் பெரியவர்களுக்கு இது கைவந்த கணக்கு. நாழிகைக்கு 24 நிமிஷம், இரண்டரை நாழிகை ஒரு மணி. மூன்றேமுக்கால் நாழிகை முகூர்த்தம் என்றால் ஒன்றரை மணி நேரம் என்று பந்தலில் நின்றபடியே சொல்வார்கள்.

அப்புறம், தண்ணீர்க் கணக்கு. மேட்டூரில் 12,000 கன அடி திறப்பு என்று செய்தியில் கேட்கிறோம். அது ஒரு விநாடிக்கு. ஒரு நாளுக்கு எவ்வளவு? 60 விநாடி, 60 நிமிஷம், 24 மணி. மூன்றையும் பெருக்கினால் 86,400 விநாடி. அதை 12,000-ஆல் பெருக்க, 103 கோடியே 68 லட்சம் கன அடி. நூறு கோடி கன அடிதான் ஒரு டி.எம்.சி., ஆக நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல்.

அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் இதே அளவு திறந்துகொண்டிருந்தால் சுமார் 90 நாள் ஓடும். குறுவைக்கு ஏறக்குறைய 110 நாள். அறுப்புக்கு முன் வயலை வடியவிடும் பத்து நாளைக் கழித்தாலும் இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும். அணை நிரம்பிய பிறகும் நாம் மேற்கே மழையை எதிர்பார்த்து நிற்பது அந்தப் பத்து நாளுக்காகத்தான்.