எல்டிஎல் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல: சர்க்கரை நோயில் லிப்பிட் ரிப்போர்ட்

[திரையில்: இரண்டு ரிப்போர்ட்கள் அருகருகே]

இரண்டு பேரின் லிப்பிட் ரிப்போர்ட், அதாவது ரத்தக் கொழுப்பு டெஸ்ட், இது. இருவருக்கும் எல்டிஎல், அதாவது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’, 90 (கொழுப்பு எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. அலகில்). இடப்பக்கம் இருப்பவருக்குச் சர்க்கரை இல்லை, வலப்பக்கம் இருப்பவருக்கு டைப் 2. எல்டிஎல் வரியோடு நிறுத்திக்கொண்டால் இருவரும் ஒன்றுதான். ஆனால் நீரிழிவையும் கொழுப்பையும் சேர்த்துப் படித்த எண்டோகிரைனாலஜிஸ்ட்டின் (ஹார்மோன் நோய் மருத்துவரின்) கண், ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடின் வரிக்குத்தான் முதலில் போகும். இடப்பக்கம் 75, வலப்பக்கம் 290.

[திரையில்: கொழுப்பு செல், அங்கிருந்து கல்லீரலுக்கு ஓர் அம்புக்குறி]

இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஹார்மோன் அல்ல. கொழுப்பு செல்லில் சேர்ந்த கொழுப்பு கரைந்து வெளியேறாமல் பூட்டி வைப்பதும் அதுதான். டைப் 2-ல் நடப்பதுபோல உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போனால், அதாவது இன்சுலின் எதிர்ப்பு வந்தால், பூட்டு தளர்ந்துவிடும். கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் கசிந்து கல்லீரலுக்குப் போய்ச் சேரும். கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி, கொழுப்பைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடும். அந்தச் சரக்கை இறக்க வேண்டிய லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்சைமும் அப்போது மந்தமாகிவிடுவதால், வரத்து கூடி, வடிகாலும் அடைபட்டதுபோல ஆகிவிடுகிறது.

அடுத்து நடப்பது ஒரு பண்டமாற்று. சிஇடிபி என்ற புரதம் விஎல்டிஎல்லின் ட்ரைகிளிசரைடை எல்டிஎல் துகளுக்கும், ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் துகளுக்கும் கொடுத்து, பதிலுக்குக் கொலஸ்ட்ராலை வாங்கும். ட்ரைகிளிசரைடு ஏறிய எல்டிஎல்லைக் கல்லீரல் லைப்பேஸ் என்ற என்சைம் கத்தரித்துச் சின்னதாக, அடர்த்தியாக ஆக்கிவிடும். எச்டிஎல்லும் அதேபோலச் சிறுத்து, சீக்கிரம் அழிந்துவிடும். ட்ரைகிளிசரைடு ஏறும்போது எச்டிஎல் இறங்குவது இதனால்தான். இரண்டும் இரண்டு வியாதி அல்ல.

லேப் அளப்பது எல்டிஎல் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலைத்தான். துகள்களை அது எண்ணுவதில்லை. சின்னத் துகள் ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால், அதே 90-ஐச் சுமக்க அதிகத் துகள்கள் தேவை. ரத்தக்குழாய்ச் சுவரில் நுழைவது துகள்.

[திரையில்: கணக்கு, வரி வரியாக]

பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதுகூட இல்லை. ஃப்ரீட்வால்ட், லெவி, ஃப்ரெட்ரிக்சன் மூவரும் 1972-ல் தந்த சூத்திரத்தைப் போட்டுக் கணக்கிடுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். வலப்பக்கத்தவருக்கு: 180 கழித்தல் 32 கழித்தல் 58, விடை 90. இடப்பக்கத்தவருக்கு: 150 கழித்தல் 45 கழித்தல் 15, அதுவும் 90.

இப்போது கடைசிக் கழித்தலை மட்டும் விட்டுவிடுங்கள். வலப்பக்கம் 148, இடப்பக்கம் 105. இதற்குப் பெயர் நான்-எச்டிஎல். அடைக்கும் குணமுள்ள எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். தனியாகச் செலவும் இல்லை, சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் பெரிய பிழை வராது. நம் கருத்தில், சர்க்கரை உள்ளவரின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சாக வேண்டிய எண் இதுதான். இலக்கு வைப்பதும் எளிது: எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டிக்கொள்ளுங்கள்.

சூத்திரம் சறுக்கும் இடங்களும் உண்டு. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. எல்டிஎல் 70-க்குக் கீழே இருந்து ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் இருந்தால், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நிம்மதியடையும் இடமும் அதுவே.

[திரையில்: சுழற்றி எடுத்த ரத்த டியூப், மேலே பால்போல வெள்ளை]

ட்ரைகிளிசரைடு ஆயிரங்களைத் தொட்டால் சீரம் இப்படித்தான் வெளுத்திருக்கும். அந்தக் கொழுப்பு இடத்தை அடைத்துக்கொள்வதால் சில கருவிகள் சோடியத்தைப் பொய்யாகக் குறைத்துச் சொல்லும். இந்த நிலையில் முதல் கவலை கணைய அழற்சி, மாரடைப்பு அதற்கு அடுத்து. சர்க்கரை தாறுமாறாக இருந்தால் அதைப் பிடித்தாலே எண் வேகமாகச் சரியும். தைராய்டு குறைவு, மது, ஸ்டீராய்டு, சிறுநீரில் புரதம் போவது ஆகியவற்றையும் தேட வேண்டும்.

“சர்க்கரையை இறக்கினால் கொழுப்பு தானாக இறங்கும்” என்பது பாதி உண்மை. ட்ரைகிளிசரைடு இறங்கும், எல்டிஎல் அவ்வளவாக அசையாது. அதற்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான். 2004-ல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதய நோய் வராத, எல்டிஎல் 160-ஐத் தாண்டாத டைப் 2 நோயாளிகள் 2,838 பேர் இருந்தார்கள். தினம் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் பெரிய இதய, மூளை ரத்தக்குழாய்ச் சம்பவங்கள் 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இரண்டு ஆண்டு முன்பே முடித்துக்கொண்டார்கள்.

டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல்லும் அதே அளவு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதனால் போதாதபோது, குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெடிமைப் மருந்தைச் சேர்ப்பது டோஸை ஏற்றுவதைவிடப் புத்திசாலித்தனம். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மருந்து தேவைப்பட்டால், ஸ்டாட்டினோடு அந்த வகையில் ஜெம்ஃபைப்ரோசிலைச் சேர்க்க வேண்டாம், தசை சிதையும் ஆபத்து கூடும். அதே வகையின் ஃபெனோஃபைப்ரேட் தொடங்கினால், சிறுநீரக வேலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம், முன்னும் பின்னும் பார்த்து வையுங்கள். மருந்து மாற்றிய 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி லிப்பிட் டெஸ்ட், இந்த முறை நான்-எச்டிஎல்லையும் குறித்துக்கொண்டு.