செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எழவில்லை

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் பழைய கார்களைப் பழுது பார்க்கிறவன் நான். சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. பேட்டரி போயிடுச்சா?"

செல்ஃப் என்பது சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார். அது சுறுசுறுப்பாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டாம். முனகி முனகிச் சுற்றினால்தான் கவலை. இருக்கிற மின்சாரத்தை எல்லாம் செல்ஃபே குடித்துவிட்டால் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் பிளக்குக்கு மிச்சமிருக்காது.

மற்றபடி கேள்வி இரண்டுதான். பிளக்கில் கரண்ட் வருகிறதா? பெட்ரோல் ஏறுகிறதா? இதைப் பார்க்காமல் சாமான் மாற்ற ஆரம்பித்தால் பணம் போகும், பழுது போகாது.

குடியாத்தம் பக்கத்து வாத்தியார் ஒருவர், பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறார். மே மாத மத்தியானத்தில் காட்பாடி மேம்பாலம் ஏறும்போது நின்றுவிடும். அரைமணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். காட்டிய இடத்திலெல்லாம் "பெட்ரோல் லாக்" என்றார்கள். பம்ப் மாற்றினார்கள், பைப் மாற்றினார்கள், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். நம்ம ஊர் வெயிலில் அப்படிச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

பெட்ரோல் லாக் உண்மைதான். பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியானால் பம்பால் அதை இழுக்க முடியாது. ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டால் சரியாகிவிடும். ஆனால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்கும் இதே குணம் உண்டு. சூடேறினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆறிய வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் இரண்டில் எது என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

"சார், அடுத்த தடவை நின்னா ஆறவிடாதீங்க, அங்கிருந்தே கூப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். சத்துவாச்சாரி கிட்ட இருந்து கூப்பிட்டார். போனதும் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துச் சுற்றச் சொன்னேன். பொறியே இல்லை. காயிலில் கை வைக்க முடியவில்லை. வேறு காயில் மாட்டினோம், வண்டி எழுந்தது.

நீங்களும் பார்க்கலாம். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், ரப்பர் பிடி போட்ட குறடு வேண்டும். பெட்ரோல் சிந்தியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பளிச்சென்று நீலமாகப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மினுக்கினால், காயிலின் கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் பாயிண்ட், அது கரியாமல் காக்கும் கண்டன்சர் இரண்டையும் பாருங்கள். பாயிண்ட் கரிந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாதபோது நாங்கள் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பதுண்டு, அவசரத்துக்குத்தான்.

கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே, திரும்பத் திரும்ப மிதிக்காமல், சுற்றுங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், செல்ஃப் கருகிவிடும்.

கார்புரேட்டர் மாருதி 800-இல் இன்னொரு வேடிக்கை. கரண்டும் இல்லை, பெட்ரோலும் ஏறவில்லை, செல்ஃப் மட்டும் வழக்கத்தைவிட லேசாக விர்ரென்று சுற்றுகிறதா? கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து சுற்றச் சொல்லிப் பாருங்கள். உள்ளே சுழலும் ரோட்டர் அசையாவிட்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. ரோட்டர், பெட்ரோல் பம்ப் இரண்டையும் இயக்குவது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு. அதைச் சுழற்றுவது அந்தப் பெல்ட். அதற்கு மேல் சுற்றாதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.

கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் ஓரிரு விநாடி பம்ப் முனகும். சத்தம் இல்லையென்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், அப்புறம் பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயை. பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டாம், அழுத்தம் அதிகம், பீய்ச்சி அடிக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது வண்டி சூட்டில் நின்றதா, காலையில் எடுக்கும்போதே எழவில்லையா என்று மறக்காமல் சொல்லுங்கள். எனக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வாத்தியார் முன்பு கழற்றிய பழைய பெட்ரோல் பம்பை இன்னும் டிக்கியில் வைத்திருக்கிறார். நல்ல பம்ப் அது. நன்றி, வணக்கம்.