வானத்து இரும்புக்கு 60 சதவீதம் சேதாரம்!

வணக்கம் மக்களே. முகத்தில் கரி இருக்கிறது, தெரியும். இப்போதுதான் பட்டறையிலிருந்து வருகிறேன், சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். விண்கல் கத்தி முடிந்துவிட்டது! போன இரண்டு வீடியோவிலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேனே, அதே கல்தான்.

முதலில் கணக்கு. வாங்கியது 240 கிராம். கிராம் 110 ரூபாய் வீதம் 26,400. அர்ஜென்டினாவில் காம்போ டெல் சியலோ என்ற இடத்தில் விழுந்த இரும்பு. அடித்து முடித்து நிறுத்துப் பார்த்தால் 95 கிராம். மீதி 145 கிராமும் செதிலாகவும் தூளாகவும் அம்பத்தூர் ஷெட் தரையில் கிடந்தது. நகைக்கடையில் 12 சதவீதம் சேதாரம் போட்டால் அம்மா கடையையே இரண்டாக்கிவிடுவார். எனக்கு 60 சதவீதம். 15,950 ரூபாயை விளக்குமாற்றால் பெருக்கி முறத்தில் அள்ளியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"வானத்து இரும்பு, அதனால் ரொம்ப உறுதி" என்று கமெண்ட் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உறுதியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதில் கார்பன் கிட்டத்தட்டக் கிடையாது. எத்தனை முறை சூடேற்றி எண்ணெயில் தோய்த்தாலும் பதம் ஏறாது. அதற்கு மேல் உள்ளே கந்தகமும் பாஸ்பரஸும் ஒளிந்திருக்கின்றன. இரும்பும் கந்தகமும் சேர்ந்த ட்ராய்லைட் இருக்கும் இடமெல்லாம் 1,000 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே உருகத் தொடங்கிவிடும். வெளியே பார்த்தால் நன்றாகச் சிவந்த இரும்பு, உள்ளே பாகு. சம்மட்டி பட்டதும் பிளந்துகொள்கிறது. பட்டறை அண்ணன் முதல் அடியிலேயே குறடைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது இரும்பு இல்ல, அதிரசம்."

எங்களை விடுங்கள். 1621இல் ஜலந்தர் பக்கம் விழுந்த கல்லை முகலாய மன்னர் ஜஹாங்கீர், உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்தார். அவருக்கும் உதிர்ந்துதான் போயிருக்கிறது. மூன்று பங்கு விண்கல்லுக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. அதில் ஒரு கத்தி இப்போது வாஷிங்டனில் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதுஷாவின் கொல்லருக்கே அந்தப் பாடு என்று தெரிந்த அன்றுதான் எனக்கு இரவு தூக்கம் வந்தது.

சரி, எப்படிப் பிடித்தோம்? பெரிய சம்மட்டியை ஓரம் வைத்துவிட்டு அரைக் கிலோ சுத்தியல். சிவப்பில் தொடவே கூடாது. மஞ்சள் தாண்டி வெளுக்கும்வரை ஏற்றி, சப்பாத்தி மாவைத் தட்டுவதுபோலத் தட்டல். ஒவ்வொரு தட்டுக்கும் கசடு பொரி மாதிரித் தெறிக்கும். மடி, தட்டு, மறுபடி உலை. ஒன்பது மடிப்பு.

அட, வெண்காரத்தை, அதாவது போராக்ஸை விட்டுவிட்டேனே! மடிப்பு ஒட்ட வேண்டுமென்றால் வெண்காரம் தூவ வேண்டும். போன முறை தம்பி கேரம் போர்டு பவுடரைக் கொண்டு வந்து கொடுத்தான். அது போரிக் பவுடர், அது வேறு, இது வேறு. பாரிமுனையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். "குழந்தைக்கு வாய்ப்புண்ணா?" என்றார். "இல்லண்ணே, இரும்புக்கு" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு 100 கிராம் 60 ரூபாய் என்றார். நாலு கடை தள்ளி அதே பொருள் 35. அதே வெள்ளைக் கட்டி, அதே பேப்பர் பொட்டலம்! 26,400 போனதைவிட அந்த 25 ரூபாய்தான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் மறந்தேன். அடிப்பதற்கு முன் ஒரு மெல்லிய துண்டை அறுத்து எடுத்து வைத்தேன். அதற்கே நாலு ஆக்சா பிளேடு போனது. அந்தத் துண்டை மெருகேற்றி அமிலத்தில் நனைத்தால் பட்டை பட்டையாகப் பின்னிய பாய் மாதிரி ஒரு கோலம் வரும். விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்பார்கள். விண்வெளியில் பல லட்சம் வருடம் மெதுவாக ஆறினால்தான் அது வரும். உலையில் ஒரே சூட்டில் அழிந்துவிடும். கத்தியில் அது தெரியாது, திரும்பவும் கேட்காதீர்கள்.

கத்தியின் வெட்டும் விளிம்புக்கு, நடுவில் புதுப்பேட்டை லாரி பட்டா, அதாவது லாரி ஸ்பிரிங் எஃகு. ஆமாம், அருவாள் வீடியோவில் மிச்சமான அதே துண்டு. பதம் ஏறுவது அதில்தான், விண்கல் இரண்டு பக்கமும் போர்வை மட்டும். நேற்று ரிச்சி தெருவில் ஃபெர்ரிக் குளோரைடு வாங்கிவந்து முக்கினேன். சர்க்யூட் போர்டு அரிக்கிறவர்கள் வாங்குவது. பத்து நிமிடத்தில் பட்டா கறுத்துவிட்டது, நிக்கல் உள்ள விண்கல் மட்டும் வெள்ளி மாதிரி வரி வரியாகப் பளிச்சென்று நிற்கிறது. கேமராவில் தெரிகிறதா? இப்படிச் சாய்க்கிறேன்... இதோ. பிடி பக்கம் ஒரு சின்ன விரிசல் இருக்கிறது, மறைக்கவில்லை.

அம்மா பார்த்துவிட்டு, "இதை அருவாமனையா அடிச்சிருந்தா தேங்காயாவது துருவலாம்" என்றார்.

அடுத்த வாரம் கைப்பிடி. வேம்பா, பூவரசா, சொல்லுங்கள். கருங்காலி என்று யாரும் வராதீர்கள். மாலை விற்கிறவர்கள் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள், என்னிடம் இப்போது 340 ரூபாய்தான் இருக்கிறது.