எட்டரை மணி ஜெபம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சிறு பிள்ளைகளை வளர்க்கும் கிறிஸ்தவத் தாயாக உங்கள் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். எதைச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். காலையில் பிள்ளைகளை எழுப்புவது, சீருடை மாட்டிவிடுவது, ஒரு காலுறையைத் தேடுவது, மின்தூக்கி வரவில்லையே என்று தவிப்பது இதெல்லாம் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டுக்கென்று இருப்பது இரவு எட்டரை மணிக்கு நடக்கும் குடும்ப ஜெபம். அதைப் பற்றியே பேசுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறாள், ஏழு வயது. சின்னவனுக்கு மூன்று வயது, பாலர் பள்ளிக்குப் போகிறான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஏழு மணிக்கு வீடு திரும்பி, சாப்பாடு, குளியல், எழுத்து வேலை எல்லாம் முடியும்போது எட்டரை ஆகிவிடும். விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி, நால்வரும் பாயில் உட்காருவோம். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சின்னக் கதை, அப்புறம் ஜெபம். மொத்தம் ஐந்து நிமிடம்தான்.

என் அம்மா தமிழ்நாட்டிலுள்ள நாசரேத் என்ற ஊரைச் சேர்ந்தவர். திருமணமாகித்தான் சிங்கப்பூர் வந்தார். அவர் நடத்திய குடும்ப ஜெபம் அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஊரில் நோய்ப்பட்ட உறவினர், கடலில் இருப்பவர், தேர்வு எழுதுபவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பார். நாங்கள் முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுந்திருக்கிறோம். அந்த அரை மணி நேரம் எனக்குள் எதையோ விட்டுச் சென்றது உண்மை. ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் உட்காரவைத்தால் ஜெபம் என்றாலே அவனுக்குக் கசந்துவிடும் என்பது என் எண்ணம். அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டுக்கு வந்தால், "இவ்வளவுதானா?" என்று கேட்பார். நானும் "இவ்வளவுதாம்மா" என்பேன்.

எங்களுக்கு உண்மையில் சிரமமாக இருந்தது நேரம் இல்லை, மொழி. எங்கள் சபையில் ஆராதனை தமிழில்தான். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசுவது ஆங்கிலத்தில். ஆசிரியையும் அவர்களுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்? போன ஆண்டு ஒரு நாள் மகளை ஜெபிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் தங்குதடையில்லாமல் ஜெபித்தாள். தமிழில் சொல்லு கண்ணு என்றதும், "இயேசப்பா" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கண்ணை மூடியபடி உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தெரியாத மொழியா இது? "பசிக்குது", "வலிக்குது", "தம்பி அடிக்கிறான்" எல்லாம் தமிழில்தானே சொல்கிறாள்!

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு என்று வந்திருக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடம் இருக்கிறது, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயத்தையும் நன்றியையும் மன்னிப்பையும் ஒரு மொழியில் சொல்லிப் பழகாவிட்டால், அந்த மொழி தேர்வோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் இவை மூன்றும் தினமும் ஒரே இடத்தில் வருவது ஜெபத்தில்தான். ஆகவே எட்டரை மணி முழுக்கத் தமிழ் என்று அன்றே முடிவு செய்தோம். சொல் கிடைக்காவிட்டால் நாங்கள் எடுத்துக் கொடுப்போம். அவள் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் திருத்த மாட்டோம்.

இங்கே ஒரு சுவையான சிக்கல் வந்தது. என் கணவர் கத்தோலிக்கக் குடும்பம். ஓஃபிர் சாலையில் 1888-ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் லூர்து மாதா கோவிலில் அவருடைய தாத்தா காலத்திலிருந்து திருப்பலிக்குப் போகிறார்கள். நான் வளர்ந்தது மெதடிஸ்ட் சபையில். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் ஒன்றுதான், ஆனால் தமிழில் அது இரண்டாக இருக்கிறது. நான் "பிதாவே" என்பேன், அவர் "தந்தையே" என்பார். எனக்குப் "பரமண்டலங்கள்", அவருக்கு "விண்ணுலகு". நான் "ஆகாரம்" கேட்பேன், அவர் "அன்றாட உணவு" கேட்பார். இருவரும் சேர்ந்து சொன்னால் முதல் வரியிலேயே முட்டிக்கொள்வோம்.

மகள்தான் வழி சொன்னாள். திங்கள், புதன், வெள்ளி அம்மா ஜெபம். செவ்வாய், வியாழன், சனி அப்பா ஜெபம். இன்று அவளுக்கு இரண்டுமே மனப்பாடம். பிதா என்றாலும் தந்தை என்றாலும் அப்பாதான், ஆகாரம் என்றாலும் உணவுதான் என்று தம்பிக்கு விளக்குகிறாள். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் இருக்கிறது என்பதை அவள் பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீபாவளியை ஒட்டி ஒரு நாள் பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு வந்தாள். "நீ சாமி கும்பிடுறதில்ல, அப்ப நீ தமிழ் இல்ல" என்று உடன்படிக்கும் பிள்ளை சொன்னதாம். சின்னப் பிள்ளை சொன்னதைப் பெரிதுபடுத்தக் கூடாது, சரி. ஆனால் அந்தக் கேள்வி அவள் மனதில் விழுந்துவிட்டதே. அதே 2020 கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 12 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் விழுக்காடு பேச முடியுமா?

அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். எகரம், ஏகாரம், ஒகரம், ஓகாரம் எழுதிக் காட்டச் சொன்னேன். ஏட்டுச்சுவடி காலத்தில் குறிலுக்கு மேலே புள்ளி வைத்துத்தான் இவற்றைப் பிரித்தார்கள், புள்ளி விட்டுப்போனால் படிப்பவர் தடுமாறுவார். இப்போது நாம் எழுதுவதுபோல் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்று சொல்வார்கள். 1680-இல் இத்தாலியில் பிறந்த பாதிரியார் அவர். சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானதையும் சொன்னேன். "அப்ப இந்தக் கால் போட்டது நம்ம ஆளா?" என்று 'ஏ'வைத் தொட்டுக் கேட்டாள். "நம்ம ஆளுதான், எல்லாருக்கும் சேர்த்துத்தான் போட்டார்" என்றேன். மறுநாள் அதே தோழியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் இருவரும் இன்றும் நெருங்கிய தோழிகள். தீபாவளிக்கு அந்த வீட்டு முறுக்கு எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் அச்சு முறுக்கும் கல்கலாவும் அங்கே போகும்.

எல்லா நாளும் இப்படி அழகாகப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். கணவருக்கு இரவு வேலை வரும் வாரங்களில் நான் தனியாக இருப்பேன். அப்படி ஓர் இரவு, சின்னவன் பாலைக் கொட்டினான், மகள் எழுத்து வேலையை முடிக்கவில்லை, நான் கத்திவிட்டேன். நன்றாகவே கத்திவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அதே வாயால் எப்படி ஜெபிப்பது? இன்று வேண்டாம் என்றுதான் இருந்தேன். மகள் பாயை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்து, முதலில் அவர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன், பிறகு ஆண்டவரிடம் கேட்டேன். என் அம்மா எங்களிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை, அந்தக் காலத்தில் அது வழக்கமும் இல்லை. நான் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றி எத்தனையோ கதை சொல்லலாம், ஆனால் அவர்கள் முன் நான் அதைக் கேட்காமல் அந்தக் கதைகளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மகள் ஜெபித்தாள். "இயேசப்பா, அம்மாவுக்கு அலுப்பா இருக்கு. தம்பிக்கு இன்னொரு பால் வேணும். பக்கத்து வீட்டு மாக்சிக்குக்குக் கால் வலி சரியாகணும்." பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நாங்கள் அழைக்கும் "மாக்சிக்" என்ற சொல்லைத் தவிர எல்லாம் தமிழ். "அலுப்பு" என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அம்மாவின் வாயிலிருந்து நேராக அவளுக்குப் போயிருக்கிறது.

மாக்சிக்குக்குக் கால் இப்போது பரவாயில்லை. ஆனாலும் அவர் பெயரை ஜெபத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று சின்னவன் பிடிவாதமாக இருக்கிறான். இன்று செவ்வாய்க்கிழமை, அப்பா ஜெபம். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாய் விரித்திருக்கும்.

நன்றி, வணக்கம்.