ஈரக் களிமண்ணில் பூவிதழ் ஓவியம்: டார்பிஷர் ஊற்று அலங்காரம் செய்யும் முறை

(காட்சி: கல் சுவரை ஒட்டி நிக்குற ஆளுயரப் படம். கேமரா மெல்ல நெருங்குது. தூரத்துல பெயிண்டிங் மாதிரி தெரிஞ்சது, கிட்டப் போகப் போக தனித்தனி இதழா பிரியுது.)

இந்தப் படத்துல ஒரு சொட்டு பெயிண்ட்கூட கிடையாது. வானத்து நீலம், ஹைட்ரேஞ்சா இதழ். புல்வெளி, பாசி. ஓரத்துல ஓடுற கறுப்புக் கோடு, ஆல்டர் மரத்தோட குட்டிக் காய்ங்க. இதையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கிறது ஈரக் களிமண். அது காஞ்சா படமும் போச்சு.

இங்கிலாந்துல டார்பிஷர் மாவட்டம், பீக் டிஸ்டிரிக்ட் மலைப்பகுதி. மே மாசத்துல தொடங்கி கோடை முடியுற வரைக்கும், இங்க ஊர் ஊரா தண்ணிக்கு அலங்காரம் பண்றாங்க. பேரு வெல் டிரெஸ்ஸிங். வெல்னா கிணறுன்னுதான் படிச்சிருப்போம். ஆனா இங்க பெரும்பாலும் ராட்டினமும் கயிறும் இருக்காது. நிலத்துல இருந்து தானா வர்ற ஊற்று, அதைச் சுத்திக் கல்லால கட்டின தொட்டி, அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பகுதியில? காரணம் காலுக்குக் கீழ இருக்கு. சுண்ணாம்புக்கல் பூமி இது. பெய்யுற மழை மேல தங்காம, பாறை வெடிப்பு வழியா உள்ள இறங்கிடும். சில இடத்துல மட்டும்தான் ஊற்றா வெளிய வரும். அது வர்ற இடத்துலதான் ஊர் உக்காரும்.

(காட்சி: டிஸ்ஸிங்டன் கிராமம். குளம், தேவாலயம், கல் வீடுகள்.)

இதுக்குப் பேர்போன ஊர் டிஸ்ஸிங்டன், ஆஷ்போர்ன் பட்டணத்துக்குப் பக்கத்துல. சின்ன ஊருதான், ஆனா ஆறு ஊற்று அலங்காரம் நடக்குது. மாளிகைக்கு எதிர்ல இருக்கிறது ஹால் வெல். தொட்டி சவப்பெட்டி வடிவத்துல இருக்கிறதால இன்னொண்ணுக்கு காஃபின் வெல்னு பேரு. சில்ட்ரன்ஸ் வெல், பேருக்கேத்த மாதிரி சின்னப் பிள்ளைங்களோடது. 1349-ல கொள்ளைநோய் வந்தப்போ, நல்ல தண்ணி இருந்ததால ஊர் தப்பிச்சதுன்னு ஒரு கதை உண்டு. 1615 வறட்சியில ஊற்று வத்தலைன்னு இன்னொரு கதை. ரெண்டும் ஊர் வாய்மொழிதான். தெளிவான தேதியோட சொல்லணும்னா வொர்க்ஸ்வொர்த், யூல்கிரேவ் மாதிரி ஊர்களைச் சொல்லலாம். வொர்க்ஸ்வொர்த்துக்கு 1827-லயும் யூல்கிரேவுக்கு 1829-லயும் குழாய்த் தண்ணி வந்துச்சு. சுமந்து சுமந்து அலுத்த ஜனங்க, அந்தக் குழாய்க்கே பூ வச்சாங்க. யூல்கிரேவ்ல இன்னிக்கும் அலங்காரம் குழாயடியிலதான்.

சரி, இதை எப்படிச் செய்றாங்க?

(காட்சி: குளத்துல மூழ்கிக் கிடக்குற மரப் பலகைகள்.)

முதல் வேலை, பலகையை ஊற வைக்கிறது. ஓரத்துல சட்டம் அடிச்ச, ஆழமில்லாத தட்டு மாதிரியான மரப் பலகை. உள்பக்கம் முழுக்க நெருக்கமா ஆணி அடிச்சிருக்கும். ஆணித் தலை மரத்துல பதியாம, கொஞ்சம் தூக்கி நிக்கணும். களிமண் பிடிச்சு நிக்கிறது அந்தத் தலைங்களைத்தான். இந்தப் பலகையை ஆத்துலயோ குளத்துலயோ சில நாள் அமுக்கி வைப்பாங்க. இதை அவசரப்பட்டு விட்டா, காஞ்ச மரம் களிமண்ணுல இருக்கிற ஈரத்தைப் பின்பக்கமா உறிஞ்சிடும். முன்னாடி எவ்வளவு தண்ணி தெளிச்சாலும் பலன் இருக்காது, ரெண்டாம் நாளே வெடிப்பு விழும்.

அடுத்தது மண். கல்லு, வேர் எல்லாம் பொறுக்கிட்டு, தண்ணியும் உப்பும் சேர்த்து மிதிக்கணும். ஆமா, காலாலதான். கட்டியே இல்லாம, வெண்ணெய் மாதிரி வழவழன்னு வர்ற வரைக்கும் மிதிக்கணும். உப்பு எதுக்குன்னா, அது ஈரத்தை இழுத்துப் பிடிச்சு, மண் காயுறதைத் தாமதப்படுத்தும். இந்தப் பதத்துலதான் பாதி வெற்றி இருக்கு. மண் இறுகிப் போயிருந்தா இதழ் ஒட்டாது. தண்ணி அதிகமானா, படுக்கப் போட்டிருக்கிற வரைக்கும் அழகா இருக்கும். பலகையை நிமிர்த்தின உடனே மொத்தமும் சரிஞ்சு கீழ வரும். மூணு நாள் உழைப்பு ஒரு நிமிஷத்துல தரையில கிடக்கும். மண்ணைச் சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பலகையில அப்பி, மேல வழிச்சு சமமாக்குவாங்க.

இனி படம். முழு அளவுல காகிதத்துல வரைஞ்சு வச்சதை மண்ணு மேல விரிச்சு, கோட்டு மேலயே ஊசியாலயோ முள்ளுச் சக்கரத்தாலயோ குத்திக்கிட்டே போவாங்க. காகிதத்தை எடுத்தா, மண்ணுல புள்ளி வரிசை நிக்கும். அந்தப் புள்ளி மேல ஆல்டர் காயை ஒவ்வொண்ணா அழுத்துறதுதான் கோடு போடுறது. மிளகு, காப்பிக்கொட்டைகூட சில ஊர்ல வைக்கிறாங்க. கோடு கோணலாப் போனா, அப்புறம் என்ன நிறம் நிரப்பினாலும் முகம் முகமாத் தெரியாது. அதனால கை தேர்ந்தவங்ககிட்டதான் இந்த வேலையைக் கொடுப்பாங்க.

நிறம் நிரப்புறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. வாடாதது முதல்ல, வாடுறது கடைசியில. விதை, மரப்பட்டை, பாசி, நம்ம சமையல்ல போடுற கல்பாசி மாதிரி மரத்துலயும் பாறையிலயும் படர்றது, இதெல்லாம் முன்னாடியே வச்சிடலாம். அடுத்து இலை. பூவிதழைத் தொடுறது கடைசி நேரத்துலதான். முதல்லயே வச்சா, திருவிழா அன்னிக்குப் பழுப்பேறிப் போயிருக்கும்.

(காட்சி: மிக நெருக்கத்துல கட்டைவிரல். ஒரு இதழை மண்ணுல பதிக்குது, அது மேல அடுத்தது.)

இந்த இடத்தைக் கவனிச்சுப் பாருங்க. இதழைக் கீழ இருந்து மேலதான் வச்சுக்கிட்டு வர்றாங்க. கீழ் வரிசையோட தலையை மேல் வரிசை மூடணும். கூரைக்கு ஓடு வேயுற அதே முறை. மழை பெஞ்சா தண்ணி இதழுக்கு இதழ் வழிஞ்சு கீழ போயிடும். மேல இருந்து கீழ அடுக்கினா, தண்ணி இதழுக்குப் பின்னாடி பூந்து, மண்ணைக் கரைச்சு, பூவைக் கழட்டிடும். இங்கிலாந்து மே மாசத்துல மழை வராதுன்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது!

ஊட்டி, கொடைக்கானல்ல வீட்டு வாசல்ல உருண்டை உருண்டையா பூக்குமே, அந்த ஹைட்ரேஞ்சாதான் இவங்களுக்குத் தங்கம். ஒரு கொத்துல ஏகப்பட்ட இதழ் கிடைக்கும், மத்த பூக்களைவிட வாடாம நிக்கும், கிடைக்கிறதுக்கு அரிய நீலமும் அதுல இருக்கு. ஆனா பார்லோங்கிற ஊர்ல இதழைப் பிய்க்காம முழுப் பூவாவே வைக்கிறாங்க. தூரத்துல இருந்து பார்க்க அது பளிச்சுன்னு இருக்கும். நுணுக்கம்னு பார்த்தா இதழ் வேலைக்கு ஈடு கிடையாது.

இவ்வளவும் கொட்டகைக்குள்ள, வெயில் படாத குளிர்ந்த இடத்துல, பலகையைப் படுக்கப் போட்டு நடக்கும். அப்பப்ப தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். தூக்கி நிறுத்துற அன்னிக்குப் பல பேர் வேணும். ஊறின மரமும் ஈர மண்ணும் சேர்ந்து அத்தனை கனம்.

(காட்சி: பாதிரியார் முன்னாடி நடக்க, ஊர் ஜனம் ஊற்று ஊற்றாப் போகுது.)

டிஸ்ஸிங்டன்ல இது ஆண்டவரின் விண்ணேற்றப் பெருநாள் அன்னிக்கு. ஈஸ்டருக்கு அப்புறம் 39-ஆவது நாள், எப்பவும் வியாழக்கிழமை. ஈஸ்டர் நகர நகர இதுவும் நகரும். ஏப்ரல் 30-லயும் வரலாம், ஜூன் 3-லயும் வரலாம். சீக்கிரம் வர்ற வருஷத்துல தோட்டத்துல பூ குறைவு, அதனால இலை, பாசி வேலை கூடிடும். ஜூன்ல யூல்கிரேவ், டைட்ஸ்வெல், ஜூலையில பக்ஸ்டன், ஆகஸ்ட்ல பார்லோ, ஈயம்னு போகப் போக, படத்தோட நிறமும் மாறிக்கிட்டே வரும். தோட்டத்துல எது பூக்குதோ அதுதானே பலகைக்கு வரும்.

நேர்ல பார்க்கப் போறவங்க முதல் ரெண்டு நாளுக்குள்ள, காலையிலயே போயிடுங்க. நாலாம் நாள்ல வெள்ளை இதழ் பழுப்பாக ஆரம்பிச்சிருக்கும். விதையைப் பறவை கொத்தியிருக்கும். படத்தைத் தொடாதீங்க, ஒரு இதழ் பெயர்ந்தா மேல இருக்கிற வரிசையும் கூடவே வந்துடும். பக்கத்துல உண்டியல் இருந்தா, மனசுக்குப் பட்டதைப் போடுங்க.

சுமார் ஒரு வாரம் ஆனதும் பலகையை இறக்கிடுவாங்க. வாடின பூ உரக்குழிக்குப் போகும். ஆணி எதுவும் வளைஞ்சிருக்கான்னு பார்த்து, பலகையைக் கழுவி, நிழல்ல சாய்ச்சு வைப்பாங்க. அடுத்த வருஷம் அது மறுபடியும் குளத்துக்குள்ள இறங்கும்.